‘ம்’ தொலைந்த அவசரம்

சுவரில் அந்த எழுத்தைப் பார்த்தபோது என் கையில் பல்குத்தியில் செருகிய பனீர்த் துண்டு ஒன்று இருந்தது. வாயில் போடுவதா, தட்டில் திருப்பி வைப்பதா என்று தெரியாமல் அப்படியே நின்றேன். கடைசியில் அதைக் கைப்பைக்குள் போட்டிருக்கிறேன். மறுநாள் மெட்ரோவில் பையைத் திறந்தபோது பக்கத்தில் இருந்த பெண் மூக்கைப் பிடித்துக்கொண்டு எழுந்து போனாள்.

டெல்லியில் லாடோ சராய் பக்கம் ஒரு சந்துக்குள் இருக்கும் கேலரி அது. பெயர் வேண்டாம். அன்று மாலை அங்கே ஒரே நேரத்தில் மூன்று கண்காட்சிகளைத் திறந்தார்கள். வாசல் அறையில் பரோடாக்காரர் ஒருவர் பழைய ஃபிரிட்ஜ் கதவுகளால் மதில் கட்டியிருந்தார். நடு அறை ஒரே இருட்டு. அங்கே திரையில் ஒரு ஆறு ஓடிக்கொண்டே இருந்தது. உள் அறை எனக்கு. ஐம்பது வயதுக்கு மேல் எனக்குக் கிடைத்த முதல் தனிக் கண்காட்சி.

பள்ளிக்கூடத்தில் ட்ராயிங் டீச்சர் வேலையை நான் உதறிய கதையைப் போன வாரம் இந்தப் பத்தியில் பாதியில் நிறுத்தியிருந்தேன். அது அங்கேயே நிற்கட்டும். அந்தப் பிரின்ஸிபால் எங்கேயும் ஓடிப்போக மாட்டார். உள் அறையைச் சொல்லி முடிக்காமல் என்னால் இந்த வாரம் உட்கார முடியாது.

அறைக்குள் நுழைந்ததும் எதிர்ச் சுவரில் கண்காட்சியின் பெயர் இருக்கவேண்டும். நான் வைத்த பெயர் ‘அவசரம்’. தமிழ் எழுத்தில், அது ஒன்று மட்டும். மொழிபெயர்ப்பு கூடாது என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன்.

சுவரில் தமிழே இல்லை. கறுப்பு வினைல் ஸ்டிக்கர் எழுத்தில், பெரிதாக, ஹிந்தியில் ‘அவசர்’ என்று ஒட்டியிருந்தது. அதற்குக் கீழே ஆங்கிலத்தில் சின்னதாக ‘ஆப்பர்ச்சூனிட்டி’.

ஹிந்தி அறியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஹிந்தியில் அவசர் என்றால் அவசரம் இல்லை. வாய்ப்பு. நல்ல சந்தர்ப்பம். விசேஷம் என்றும் வைத்துக்கொள்ளலாம்.

அந்த அறையில் தொங்கிய படங்களோ, ஊரே ஆக்சிஜன் சிலிண்டருக்கு அலைந்த அந்தச் சித்திரை மாதத்தைப் பற்றியவை. அந்த மாதத்தில்தான் என் அண்ணன் போனான். அவனுடைய மனைவி, என் மீனா மதினி, படங்களைப் பார்க்க அதே நேரத்தில் துவாரகாவிலிருந்து மெட்ரோவில் வந்துகொண்டிருந்தாள். மதினி டெல்லியில் பிறந்து வளர்ந்தவள். தமிழை எழுத்துக் கூட்டிக் கூட்டித்தான் படிப்பாள். ஹிந்தி அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு.

உள்ளே வந்ததும் அவள் கண்ணில் முதலில் படப்போவது, தன் புருஷனை வாரிக்கொண்டு போன மாதத்தின் மேலே கொட்டை எழுத்தில் ‘நல்ல சந்தர்ப்பம்’. அவள் வருவதற்குள் அந்த எழுத்து அங்கே இருக்கக் கூடாது. எனக்கு அப்போது உலகத்தில் வேறு வேலையே இல்லை.

வாலை வெட்டினால் ஹிந்தி

இந்தத் தப்பு எப்படி நடந்திருக்கும் என்று யாரும் எனக்கு விளக்க வேண்டியதில்லை. எங்கள் வீட்டில் இது பழைய தப்பு.

அப்பா திருநெல்வேலியிலிருந்து மத்திய சர்க்கார் குமாஸ்தாவாக டெல்லிக்கு வந்தபோது ஹிந்தி ஒரு வார்த்தை தெரியாது. அவராகவே ஒரு இலக்கணம் கண்டுபிடித்தார். தமிழ் வார்த்தையின் வாலில் இருக்கும் ‘அம்’மை வெட்டிவிட்டால் மிச்சம் ஹிந்தி. நகரம், நகர். தினம், தின். புஸ்தகம், புஸ்தக். பழக்கடையில் போய் “பழ்” என்று கேட்டிருக்கிறார். கடைக்காரர் அதைத் தங்கள் ‘ஃபல்’ என்று எடுத்துக்கொண்டு ஆப்பிளைத் தூக்கிக் கொடுத்துவிட்டார். பிறகு அப்பாவை யார் பிடிப்பது?

அத்தை கல்யாணத்துக்கு லீவு கேட்கப் போனவர், ஊரில் ‘கல்யாண்’ இருக்கிறது என்றாராம். ஹிந்தியில் கல்யாண் என்றால் பொதுநலம். அந்த அதிகாரி எழுந்து நின்று கை குலுக்கி, ஊருக்கு நல்லது செய்ய லீவு கேட்கும் குமாஸ்தாவை இன்றுதான் பார்க்கிறேன் என்று கையெழுத்துப் போட்டாராம். “லீவு கெடச்சுதா இல்லியா? அப்ப இலக்கணம் சரிதானல?” என்று அண்ணனிடம் கேட்பார்.

அந்த இலக்கணத்தை நம்பி நடுத்தெருவில் நின்றது அம்மாதான். அண்ணன் அப்போது பள்ளிக்கூடம் சேர்ந்த புதிது. அம்மா புளி ஆய்ந்துகொண்டிருந்தபோது பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன், ஒரு புளியங்கொட்டையை எடுத்து மூக்குக்குள் தள்ளிவிட்டான். அம்மா அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு, என்னைக் கையில் இழுத்துக்கொண்டு, குவார்ட்டர்ஸ் வாசலுக்கு ஓடினாள்.

“பையா, அவசர் ஹை! பஹுத் படா அவசர் ஹை!” என்று ஆட்டோக்காரரைப் பார்த்துக் கத்தினாள்.

ரொம்பப் பெரிய விசேஷம் என்று அவருக்குக் கேட்டிருக்கிறது. வாயெல்லாம் பல்லாக வாழ்த்துச் சொன்னார். கண்ணாடிப் பக்கத்தில் இருந்த சாமி படத்தைத் தொட்டுக் கும்பிட்டார். பள்ளம் மேடு பார்த்து, குழந்தைகளுக்கு அலுங்காமல் ஓட்டிக்கொண்டுபோய் எங்களை ஒரு கோயில் வாசலில் இறக்கினார். அம்மா அந்த வாசலில் நின்று ஓவென்று அழுதாள். ஊதுபத்திப் புகையில் அண்ணன் ஒரு தும்மல் போட்டான். கொட்டை தெறித்து விழுந்தது.

பொங்கல், தீபாவளி என்று வீட்டில் நாலு பேர் கூடினால் இந்தக் கதை வந்துவிடும். அண்ணன்தான் கடைசியில் தும்மிக் காட்டுவான். தாடையைத் தூக்கி, கண்ணை இடுக்கி, இதோ வருகிறது அதோ வருகிறது என்று எல்லோரையும் காக்க வைப்பான். அவன் போனபிறகு யாரும் அந்தக் கதையை எடுப்பதில்லை.

மருந்துக் கவர்

படங்களைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிட வேண்டும்.

அந்தச் சித்திரையில் நான் மயூர் விஹாரிலிருந்து காரை எடுத்துக்கொண்டு எங்கெல்லாம் போனேன் என்று இப்போது கேட்டால் சொல்லத் தெரியாது. யாரோ ஒரு நம்பர் கொடுப்பார்கள். போவேன். அங்கே ஒரு வரிசை நிற்கும். அண்ணனுக்காக மட்டும் இல்லை, அவனுக்கு முன்னால் எங்கள் ஃபிளாட் சொசைட்டியிலேயே நாலைந்து வீடு. காரில் உட்கார்ந்து காத்திருக்க என்னால் ஆகாது. சின்ன வயதிலிருந்தே கால் ஓரிடத்தில் தரிக்காது. இறங்கி நிற்பேன், நடப்பேன், மறுபடி வருவேன். கை சும்மா இருக்க முடியாமல், மருந்துக்கடையில் கொடுத்த காக்கிக் கவரைக் கிழித்து விரித்து, பால்பாயின்ட் பேனாவால் எதிரில் இருப்பதை வரைவேன்.

சிலிண்டர் மேல் உட்கார்ந்து தூங்கும் ஆள். ஸ்கூட்டர் கண்ணாடியில் மாட்டிய மாஸ்க். வரிசையில் தனக்குப் பதிலாக இடம் பிடிக்க யாரோ விட்டுப்போன ஒற்றைச் செருப்பு. எதையும் உட்கார்ந்து யோசித்து வரையவில்லை. வரிசை நகர்ந்தால் பேனாவைப் பைக்குள் போட்டுவிட்டு ஓடவேண்டும். அதனால் பாதி உருவங்களுக்குக் கால் இருக்காது.

பிறகு வீட்டில் அந்தக் கவர்களைப் பெரிய அட்டையில் ஒட்டி மசி கொண்டு வளர்த்தேன். கால் இல்லாதவர்களுக்குக் கால் போடவில்லை. அவ்வளவுதான் என் கண்காட்சி.

அண்ணன் ஒரே ஒரு படத்தில் இருக்கிறான். அவனுக்குக் காய்ச்சல் கண்டபிறகு ஒரு சாயங்காலம் கஞ்சி கொண்டுபோனேன். யாரும் யார் வீட்டுக்குள்ளும் போக முடியாத காலம். டிஃபன் கேரியரைக் கம்பிக் கதவுக்கு வெளியே வைத்துவிட்டு எட்டிப் பார்த்தேன். நீளமான அந்த ஹாலின் கோடியில், படுக்கையறையில், கட்டில் விளிம்பில் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். “அண்ணே” என்றேன். திரும்பவில்லை. கையை மட்டும் தூக்கிக் காட்டினான். அந்த முதுகும் அந்தக் கையும்தான் படம். அதற்குப் பிறகு நான் அவனைப் பார்க்கவில்லை.

கேலரியில் யாரிடமும் நான் அண்ணனைப் பற்றிச் சொல்லவில்லை. படம் நன்றாக இருந்தால் பார்க்கட்டும். என் வீட்டுச் சாவைக் காட்டி யாரையும் நிற்க வைக்க வேண்டாம் என்று ஒரு வீம்பு.

“ஹௌஸ் காஸ்ல மாறிட்டேன்”

டெல்லி கேலரித் திறப்புகளுக்கு வருகிறவர்களை நான் பல வருடங்களாகச் சுவர் ஓரம் நின்று பார்த்திருக்கிறேன். கோப்பையைப் பார்ப்பவர்கள், தட்டைப் பார்ப்பவர்கள், தங்களை யார் பார்க்கிறார்கள் என்று பார்ப்பவர்கள். படத்தைப் பார்ப்பவர் ஒருவர் இருப்பார். அவரும் ஏசி எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருப்பதாகப் பின்னால் தெரியும். அன்று அவர்களுக்கு நடுவில் நான் தன்வியைத் தேடிக்கொண்டு போனேன்.

தன்வி லக்னோப் பெண். மூன்று கண்காட்சிகளையும் ஏற்பாடு செய்தவள். மூன்று நாளாக வீட்டுக்குப் போகாத முகம். அவளை ஃபிரிட்ஜ் கதவுகளுக்குப் பின்னால் பிடித்தேன்.

“நல்லாயிருக்கா, மேம்?” என்று ஹிந்தியில் ஆசையாகக் கேட்டாள். தமிழ் எழுத்தை வினைல் வெட்டும் கடையில் கொடுத்ததாகவும், அவர்கள் கம்ப்யூட்டரில் அது உடைந்துவிட்டதாகவும் சொன்னாள். போனில் காட்டினாள். ‘அவசர’ வரைக்கும் ஒழுங்காக இருந்தது. அதற்கப்புறம் ‘ம’ தனியாக நின்றது. புள்ளி தன் பாட்டுக்கு ஓடிப்போய் ஒரு வட்டத்தின் தலையில் உட்கார்ந்திருந்தது.

“இப்படி ஒட்டினா உங்களுக்குத்தானே அவமானம்? அதான் மத்தியானம் ஹிந்தியில வெட்டச் சொன்னேன். ஹாஸ்டல்ல என்னோட தமிழ் ரூம்மேட் சொல்லிக் குடுத்திருக்கா. கடைசி ‘ம்’மை எடுத்தா ஹிந்தி.”

அப்பா எங்கே போனாலும் விடமாட்டார் போலிருக்கிறது.

“தன்வி, அவசர் நஹீன்” என்றேன். “ஜல்தி. எமர்ஜென்சி. சாகக் கிடக்கிறவங்களுக்கு ஓடுற ஓட்டம்.”

அவள் கை வாய்க்குப் போயிற்று. நாளை காலையில் மாற்றிவிடலாம், இப்போது கடை அடைத்திருப்பார்கள், இன்று ஒரு மாலைதானே, வாய்ப்பு என்றாலும் ஒரு அர்த்தம் வரத்தானே செய்கிறது என்று அடுக்கினாள். பாவம், அவளுக்கு என்ன தெரியும்? எனக்குப் பொறுமை போய்விட்டது.

“என் அண்ணன் செத்துப்போனது யாருக்கு வாய்ப்பு? அவன் பொண்டாட்டி வந்துட்டிருக்கா. அவகிட்ட நீயே அர்த்தம் சொல்லு.”

அதைச் சொல்லியிருக்கக் கூடாது. சொல்லமாட்டேன் என்று நாலு வருடம் காத்த வீம்பு ஃபிரிட்ஜ் கதவுக்குப் பின்னால் கொட்டிப்போயிற்று. தன்வியின் கண் நிறைந்துவிட்டது. என் கையைப் பிடித்து உள் அறைக்கு இழுத்துக்கொண்டு நடந்தாள்.

என் போன் சிணுங்கியது. மதினியின் வாய்ஸ் மெசேஜ். ரயில் சத்தத்துக்கு நடுவே, “சுபா, ஜனக்புரி வெஸ்ட்ல ஏறிட்டேன்ட்டி. சீட்டு கெடச்சிட்டு.” எப்போதோ அனுப்பியது இப்போதுதான் வந்து சேர்ந்திருக்கிறது. அதன் வாலைப் பிடித்துக்கொண்டு அடுத்தது: “ஹௌஸ் காஸ்ல மாறிட்டேன்.”

ஹௌஸ் காஸிலிருந்து, கேலரிக்கு இறங்கவேண்டிய சாகேத் எவ்வளவு தூரம் என்று டெல்லிக்காரர்களுக்குத் தெரியும். ஒரு கொட்டாவி விட்டு முடிப்பதற்குள் வந்துவிடும்.

கைத்தட்டல்

வினைல் எழுத்தை உரிக்க ஒரு முறை உண்டு. ஹீட் கன் என்று ஹேர் டிரையர் மாதிரி ஒன்று இருக்கும். அதால் சூடு காட்டினால் பசை இளகும், எழுத்து அலுங்காமல் கையோடு வந்துவிடும். சூடு காட்டாமல் இழுத்தால் சுவரின் பெயின்டும் சேர்ந்து வரும். முந்தின நாள் அடித்த பெயின்டு என்றால் கேட்கவே வேண்டாம்.

ஹீட் கன் ஸ்டோரில் இருந்தது. ஸ்டோர் சாவி வைத்திருந்தவர் ஐஸ் வாங்கப் போயிருந்தார்.

“ரெண்டு நிமிஷம், மேம்” என்று தன்வி வெளியே ஓடினாள்.

‘பதறாத காரியம் சிதறாது’ என்று தினம் ஒருமுறை சொன்ன அம்மாவின் வயிற்றில்தான் நான் பிறந்தேன். என்ன பிரயோஜனம்? பையிலிருந்து மெட்ரோ கார்டை எடுத்தேன். முதல் எழுத்தின் மூலையில் கொடுத்து நெம்பினேன். கிளம்பியது. விரலால் பிடித்து இழுத்தேன். எழுத்தோடு ஒரு கை அகலத்துக்குப் பெயின்டும் பிரிந்து வந்தது. உள்ளே சாம்பல் நிறத்தில் சிமெண்ட் பூச்சு. வெள்ளைத் தூள் என் கறுப்புப் புடவை முழுக்க.

நிறுத்த முடியவில்லை. அடுத்த எழுத்து. அதற்கு அடுத்தது. நகத்துக்குள் பெயின்டு ஏறி வலித்தது. சாகேத் வந்துவிட்டாளா, ஆட்டோ பிடித்துவிட்டாளா என்று காது வாசலில் இருந்தது. கை சுவரில்.

பின்னால் பேச்சு அடங்கிப் போயிருந்ததை நான் கவனிக்கவில்லை. கடைசி எழுத்து பெரிய வறட்டி மாதிரி சுவரோடு பிய்ந்து வந்தபோது கைத்தட்டல் கேட்டது.

திரும்பினால் பத்துப் பதினைந்து பேர் அரை வட்டமாக நிற்கிறார்கள். பாதிப் பேர் போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். பஷ்மினா சால்வை போர்த்திய ஒரு அம்மாள் பக்கத்தில் இருந்தவரிடம், “பெர்ஃபார்மன்ஸ் ஹை. பஹுத் ஸ்ட்ராங்” என்றாள். நான் சுவரைப் பிய்ப்பதையும் ஒரு கலை நிகழ்ச்சி என்று எடுத்துக்கொண்டு அவர் கண்ணை மூடித் தலையாட்டினார். கையில் ஹீட் கன்னோடு ஓடிவந்த தன்வி, என்னையும் சுவரையும் கூட்டத்தையும் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. யாரையாவது கடிக்கவேண்டும் போலவும் இருந்தது. மிச்சமிருந்த ஆங்கில எழுத்துகளைத் தன்வி சூடு காட்டி எடுத்தாள். அவை மட்டும் சமர்த்தாக வந்தன.

கூட்டம் வேறு அதிசயம் தேடி நடு அறை ஆற்றுக்குப் போயிற்று. நான் தரையில் கிடந்த எழுத்துகளைச் சுருட்டிப் பைக்குள் திணித்துக்கொண்டு நிமிர்ந்தேன். மதினி அறை வாசலில் நின்றாள்.

பால்கனி

விசேஷத்துக்கு வருவது போலப் பச்சைப் பட்டு உடுத்தியிருந்தாள். அதன் மேல் ஸ்வெட்டர். காலில் ஸ்போர்ட்ஸ் ஷூ.

“என்னட்டி இது, வெள்ளையடிக்க வந்தவ மாதிரி நிக்க?” என்று என் தோளில் இருந்த தூளைத் தட்டிவிட்டாள். “நல்லா கூட்டம் இருக்கே. அச்சா ஹை.”

எனக்கு மூச்சு வந்தது. பார்க்கவில்லை. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

மதினி படம் படமாக நின்று பார்த்தாள். சிலிண்டர் மேல் தூங்கும் ஆளைப் பார்த்து, “பாவம், கழுத்து வலிக்கும்” என்றாள். ஒற்றைச் செருப்பிடம் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு அந்த முதுகிடம் வந்தாள். அங்கே நான் அவளை விட்டு நாலடி தள்ளி நின்றுகொண்டேன்.

“அவுக சட்டைதான்” என்றாள். “காலர் கிழிஞ்சது. தூக்கிப் போடுங்கன்னா கேக்க மாட்டாக.”

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

“இதுக்கெல்லாம் சேத்து ஒரு பேரு வைப்பாங்களே. செவுத்துல ஒண்ணும் காணுமே?”

“வச்சிருந்தேன், மதினி. எழுதினதுல தப்பாயிப் போச்சு. அதான் எடுத்துட்டேன்.”

“என்ன பேரு?”

“அவசரம்.”

சந்தோஷமாகத்தான் சொன்னேன். என் வார்த்தையை அதன் வாலோடு மீட்டுக் கொடுத்துவிட்ட சந்தோஷம். அவள் ‘அச்சா’ என்பாள் என்று பார்த்தேன். மதினி சுற்றும்முற்றும் பார்த்தாள். பக்கத்தில் ஒரு ஸ்டூல் கிடந்தது. அதில் உட்கார்ந்தாள்.

“அன்னைக்கு நீ கஞ்சி வச்சிட்டுப் போனேல்லா” என்றாள். “நீ லிஃப்ட்டுக்குப் போகயிலயே அவுகளுக்கு மூச்சு எளைச்சிட்டு. நான் சொன்னேன், சுபா காரோட வந்திருக்கா, கூப்பிடுதேன், இப்பமே போயிருவோம்னு. அவுக என் கையப் பிடிச்சுக்கிட்டாக. ‘அவசரம் ஒண்ணுமில்ல, மீனா. பாவம், அவ நாள் பூரா அலைஞ்சிட்டு இப்பந்தான் வீட்டுக்குப் போறா. காலையில பாத்துக்கிடலாம்’னாக.”

நடு அறையிலிருந்து ஆற்றுச் சத்தம் வந்துகொண்டிருந்தது.

“நான் பால்கனிக்கு வந்தேன். உன் காரு வாசல் கேட்டு பக்கத்துல நின்னுச்சு. அந்த வாட்ச்மேன் உன்னை நிப்பாட்டி என்னமோ கேட்டுக்கிட்டு இருந்தான். ரொம்ப நேரம் கேட்டான், சுபா. போன் என் கையிலதான் இருந்துச்சு. மேல இருந்து ஒரு சத்தம் குடுத்திருந்தாக் கூட நீ திரும்பியிருப்ப. நான் குடுக்கல. அவுக சொன்னாகளேன்னு நின்னுட்டேன். கேட்டு தொறந்துட்டான். நீ போயிட்ட.”

காலையில் என்ன ஆயிற்று என்று எங்கள் இருவருக்கும் தெரியும். நான் போய்ச் சேர்வதற்குள் அவனை ஏற்றிக்கொண்டு போயிருந்தார்கள்; எந்த ஆஸ்பத்திரி வாசலிலும் உள்ளே விடவில்லை.

பொய் சொல்லக் கூடாது. முதலில் எனக்கு வந்தது கோபம். ஒரு சத்தம் கொடுத்திருக்கலாமே. அந்தச் சாயங்காலம் எனக்கு ஒரு ஆஸ்பத்திரியில் கட்டில் கிடைக்கும் என்று நம்பர் வந்திருந்தது. மறுநாளைக்குள் அது போய்விட்டது. அதைச் சொல்ல வாய் வரைக்கும் வந்தது. ஸ்டூலில் உட்கார்ந்திருந்த மதினியின் ஷூ லேஸ் அவிழ்ந்து கிடந்தது. அவள் அதைக் கட்ட முயன்றாள். இரண்டு தடவையும் முடிச்சு விழவில்லை. நான் குனிந்து அதைக் கட்டிவிட்டேன். இன்று வரைக்கும் அந்த நம்பரைப் பற்றி அவளிடம் சொல்லவில்லை. அவள் தமிழ்ப் பத்திரிகை படிக்க மாட்டாள் என்ற தைரியத்தில்தான் இங்கே எழுதுகிறேன்.

தப்பான வார்த்தை அவளைக் குத்தும் என்றுதானே சுவரைப் பிய்த்தேன்? நாலு வருடமாக அவளைக் குத்திக்கொண்டிருந்தது சரியான வார்த்தை. அதை நானே அவள் கையில் கொடுத்திருக்கிறேன்.

“வேற பேரு வச்சிருதேன், மதினி” என்றேன். “இல்ல, பேரே வேண்டாம். சும்மா இருக்கட்டும்.”

“எதுக்கு?” என்றாள். “அதான் பேரு. அன்னைக்கு நான் வாயத் தொறந்து சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை அது ஒண்ணுதான். எழுதுறதுக்கு உங்கிட்ட என்ன இருக்கு?”

என் பையில் எப்போதும் கரித்துண்டு கிடக்கும். எடுத்துக் கொடுத்தேன். மதினி பட்டுப் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, பெயின்டு பெயர்ந்த அந்தச் சாம்பல் திட்டுக்கு முன்னால் போய் நின்றாள். போனைத் தூக்கிக்கொண்டு மறுபடி எட்டிப் பார்த்த இரண்டு பேரைத் தன்வி வாசலிலேயே மறித்துத் திருப்பி அனுப்பினாள்.

மதினி தமிழ் எழுதி எத்தனை வருடம் இருக்கும்? கடைசியாக எனக்குத் தெரிந்து அவள் கல்யாணப் பத்திரிகையில் யாரோ ஒருவர் பெயர் எழுதியது. ‘அ’வுக்கு எங்கே ஆரம்பிப்பது என்று காற்றில் ஒருமுறை சுழித்துப் பார்த்துக்கொண்டாள். பிறகு சுவரில் வைத்தாள். அ. வ. ச. ஒவ்வொரு எழுத்துக்கும் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அடுத்ததில் அவள் கை மேலே வளைந்து, இறங்கி, மறுபடி வளைந்து கீழே போயிற்று. ற. பெரிய ற. பிறகு ம. புள்ளி வைத்த அழுத்தத்தில் கரித்துண்டு இரண்டாக ஒடிந்தது.

அவசறம்.

நான் மந்திர் மார்க் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில், தமிழ் மீடியத்தில் படித்தவள். கடைப் பலகையில் ர, ற மாறியிருந்தால்கூட எனக்குக் கை பரபரக்கும். திருத்தாமல் அந்த இடத்தைத் தாண்ட முடியாது. விரல் தன்னாலே சுவரை நோக்கிப் போயிற்று. பாதி வழியில் இழுத்துக்கொண்டேன்.

மதினி இரண்டடி பின்னால் வந்து, தலையைச் சாய்த்துப் பார்த்தாள். உள்ளங்கை முழுக்கக் கரி.

“தப்பிருந்தா சொல்லிரு, சுபா. அழிச்சிட்டு எழுதுதேன்.”

“ஒரு தப்பும் இல்ல, மதினி” என்றேன்.